மலையூர்க்காரர்களுக்கு எட்டும் விலையில் டர்போ எஞ்சின் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததையொட்டி, என் பழைய பெட்ரோல் காரை மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தில் குன்னூரிலிருந்து கோவைக்குச் சென்று இரண்டு ஷோரூம்களில் விசாரித்தேன். நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும், டர்போ என்ற காற்றழுத்தும் கருவி சேர்ந்த பெட்ரோல் எஞ்சின் பொருத்திய, மற்ற வசதிகளில் எளிமையான ஒரு காரைத்தான் கேட்டேன். டர்போ வேண்டுமானால் மேல்நிலை வேரியன்ட்டைத்தான் வாங்க வேண்டும், அதில் பெரிய தொடுதிரையும் அலாய் சக்கரங்களும் சேர்ந்தே வரும், விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும் என்று இரண்டு இடங்களிலும் சொன்னார்கள்.

எங்களைப் போன்றோருக்கு டர்போ வேகத்துக்கான ஆடம்பரம் அல்ல. மேட்டுப்பாளையத்தைக் கடந்து கல்லாறிலிருந்து ஏறத் தொடங்கினால், குடும்பத்தோடும் மூட்டைமுடிச்சுகளோடும் வரும் என் கார் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கு இறங்கித் திணறுகிறது, ஏ.சி.யை அணைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் சாதாரண பெட்ரோல் எஞ்சின் சமவெளியில் காட்டும் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. வெளியேறும் புகையின் விசையாலேயே சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போ இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது.

ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் காரையே எடுத்துக்கொள்ளலாம். அதில் வரும் இரண்டு எஞ்சின்களும் 999 சி.சி. கொண்டவைதாம். டர்போ இல்லாததன் டார்க், அதாவது சக்கரங்களைச் சுழற்றும் இழுவிசை, 96 நியூட்டன் மீட்டர். டர்போ உள்ளதில், கியரைக் கையால் மாற்றும் வகையில், அது 160. பெட்ரோல் காருக்கான வரிச்சலுகை 1,200 சி.சி. வரையிலும் நான்கு மீட்டர் நீளம் வரையிலும் பொருந்துவதால், இரண்டுக்கும் ஒரே வரி விகிதம்தான். டர்போவுக்கும் அதன் துணைப் பாகங்களுக்கும் கூடுதல் செலவாகும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் செலவை மட்டும் கொடுக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கும்போது, கேட்காத அலங்காரங்களுக்கும் சேர்த்து ஏன் கொடுக்க வேண்டும்?

முன்பு இந்தக் குறை எங்களுக்கு இருந்ததில்லை. 1.3 லிட்டர் டீசல் எஞ்சினுடன் வந்த ஸ்விஃப்ட் போன்ற கார்கள் டர்போவின் பலத்தில்தான் மலையேறின. அந்த எஞ்சின் 190 நியூட்டன் மீட்டர் டார்க் தந்தது. 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசலையே கைவிட்டது. அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டிய டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக்குகளும் (பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய கார்கள்) நிலைக்கவில்லை. 2017இல் வந்த பலேனோ ஆர்.எஸ். 2020இலும், டி.எஸ்.ஐ. என்ற 1 லிட்டர் டர்போ எஞ்சினுடன் விற்ற போலோ 2022இலும் நின்றுபோயின. நெக்ஸான், எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்ஓ ஆகிய இரண்டு கார்களில் அடிப்படை வேரியன்ட்டிலேயே டர்போ பெட்ரோல் எஞ்சின் கிடைக்கிறது என்பதால், இது செய்ய முடியாத காரியம் அல்ல என்பது தெளிவு. அதே வழக்கம் இவற்றைவிட விலை குறைந்த ஹேட்ச்பேக்குகளுக்கும் வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

விற்பனையாளர்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் அச்சைக் காப்பது எஞ்சின் ஆயில்தான். குறிப்பிட்ட தரத்திலான ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதும், நீண்ட ஏற்றம் ஏறி வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடமாவது ஓடவிடுவதும் அவசியம். எஞ்சினின் சுழற்சி குறைவாக இருக்கும்போது டர்போ முழுமையாக வேலை செய்யாது என்பதால், வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். நான் சென்ற இரண்டு இடங்களிலும், நானாகக் கேட்கும்வரை இவற்றில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. சோதனை ஓட்டமும் அவிநாசி சாலையில் ஓட்டுநரும் நானுமாக இரண்டு கிலோமீட்டர் போய் வந்ததோடு முடிந்துவிட்டது. நீலகிரியிலிருந்து வரும் வாடிக்கையாளருக்காவது, நான்கு பேரை உட்காரவைத்து, ஏ.சி.யைப் போட்டபடி பர்லியார் வரை ஏற்றிப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குன்னூர்