அங்க பொழுத நீதான் பட வைக்கணும் மகள்

அன்பு மகளுக்கு,

நேத்து நீ போனில அழுதத கேட்டதில இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல்ல. பிள்ள பகலெல்லாம் நல்லா நித்திரை கொள்றான் அம்மா, ரா ஒம்பது மணிக்குப் பிறகுதான் கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இரிக்கான், நான் என்ன பிழை விடுறன் எண்டு கேட்டாய். நீ ஒரு பிழையும் விடல்ல. போனில சொன்னா பாதியில பிள்ளைய தூக்க ஓடிருவாய், அதான் வாட்சப்பில நீட்டி எழுதுறன், பால் குடுக்கக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா வாசி.

பேரனுக்கு இப்ப ஒம்பது கிழமைதானே. இந்த வயசில ரா எது பகல் எது எண்டு உடம்புக்கே தெரியாது. இருட்டினா நித்திரைய வர வைக்கிற மெலட்டோனின் அவன்ட உடம்பிலயே ஒழுங்கா சுரக்க மூண்டு மாசமளவில ஆகும். அது வரைக்கும் ஒரு நாளைக்கு 14, 15 மணித்தியாலம் துண்டு துண்டாத்தான் கிடக்கும், சிலது 17 மணித்தியாலமும் கிடக்கும். அந்த ஆப்ல காட்டுற டைம்டேபிளுக்கு அவன் வரல்ல எண்டு நீ அழாத.

ஆனா ஒண்டு யோசிச்சன். 1994 ல நீ பிறக்கக்குள்ள இங்க மட்டக்களப்பு களுதாவளையில எங்கட வீட்டுக்கு கரண்ட் இல்ல. வருஷம் முழுக்க ஆறு ஆறரைக்கு இருட்டிரும், பிள்ளையார் கோயில் மணி கேட்கும், அம்மம்மா குப்பி விளக்க கொளுத்துவா, உன்ன இளஞ்சுடுதண்ணியில தொடச்சி எடுத்தா வீடே அமந்திரும். நான் உனக்கு ஒரு ரூட்டீனும் பழக்கல்ல மகள், பொழுது தானாப் பட்டுது. உனக்கு அங்க இப்ப ஜூன் மாசம், டொரன்டோவில ஒம்பது மணிக்கும் வெளிச்சம், மருமகன் வேலையால வந்து டீவிய போட்டா ஹோல் முழுக்க லைட். அந்தப் பிள்ளைக்கு பொழுதுபட்டது எப்பிடித் தெரியும்? அதனால அங்க நீதான் பொழுத பட வைக்கணும். ஏழரை மணி போல தடிச்ச கேர்ட்டின இழுத்து விடு, டீவிய நிப்பாட்டு, உடம்பத் தொடச்சி, பால் குடுத்து, ஒரே தாலாட்ட மெல்லப் படி. சாமத்தில எழும்பினா பெரிய லைட்ட போடாத, கதைக்காத, பம்பர்ஸ மாத்தி பால குடுத்து திருப்பிப் போடு. விடிஞ்சா மாத்திச் செய், கேர்ட்டின திறந்து ஜன்னலடியில வச்சிக் கதை, பகல் நித்திரைக்கு வீட்ட கும்மிருட்டாக்காத, குசினிச் சத்தமும் கேட்கட்டும். ரெண்டு மூண்டு கிழமையில மெல்ல மெல்லத் திரும்புவான்.

இன்னொண்டு, போன மாசம் நான் சொன்ன சில கதைய நீ விட்டுரு. சின்னத் தலகணி வை, சாறியில ஏணை கட்டி ராவைக்கும் அதுக்குள்ளயே போடு எண்டு உன்னோட சண்டை பிடிச்சன், நீ கேட்கல்ல எண்டு கோவப்பட்டன். நீதான் சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட கிளினிக்குக்கு போன நேரம் அங்க நேர்ஸ் மிஸ்ட்ட கேட்டன். ஏணைக்குள்ள பிள்ள வளைஞ்சி கிடந்து தாடை நெஞ்சில முட்டினா மூச்சுப் போற வழி அடைபடுமாம். மட்டமான, அமுங்காத மெத்தையில மல்லாத்தித்தான் போடணும், தலகணி போர்வை பொம்மை ஒண்டும் வேணாம், ஆறு மாசத்துக்காவது உங்கட ரூமிலயே அவன்ட கட்டில் இரிக்கணும் எண்டா. அமெரிக்காவில மல்லாத்திப் போடச் சொல்லி பெரிசாப் பிரச்சாரம் தொடங்கினதும் 1994 லதானாம், நீ பிறந்த அதே வருஷம். அதுக்குப் பிறகு நித்திரையிலயே போய்ச் சேருற பிள்ளைகள்ட தொகை அங்க பாதிக்கு மேல குறஞ்சிட்டாம்.

அதக் கேட்டதும் எனக்கு ஒரு பின்னேரம் ஞாபகம் வந்து கை நடுங்கிட்டு. உனக்கு அப்ப ரெண்டு மாசம், மூண்டு நாளா எனக்கு நித்திரையில்ல, சாய்மனைக் கதிரையில உன்ன நெஞ்சில போட்டபடி அசந்திட்டன். நீ சறுகி என்ட கைக்கும் கதிரைக்கும் இடையில போயிட்டாய், உன்ட மூக்கு என்ட சட்டையில அமுங்கிக் கிடந்தத அம்மம்மாதான் கண்டு தூக்கினவ. முப்பது வருஷமா இத நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. அதனால சோபாவில இருந்து பால் குடுக்காத மகள், கண் சொக்கினா உடன மருமகன எழுப்பிப் பிள்ளைய குடு.

அவன்ட முகத்தையும் பாத்துப் பழகு. ஒரு மணித்தியாலம் முழிச்சிருந்தாலே இந்த வயசுக்குக் காணும். அழுறதுக்கு முதலே சொல்லுவான், உன்ட முகத்த விட்டுட்டு சுவரையே பார்ப்பான், புருவம் ரெண்டும் சிவக்கும், கை பொத்திக்கும். அப்பவே போடு, அழத் தொடங்கினா பிந்திட்டு. நித்திரையில முனகுவான், முகத்தச் சுளிப்பான், கால உதறுவான், அது முழிப்பில்ல, உடன தூக்கிராத, ஒரு நிமிசம் பாரு, அனேகமா தானா அமந்திருவான்.

பகல்ல அவன் படுத்தா சட்டி பானைய விட்டுட்டு நீயும் படு. சாமம் ரெண்டு மணிக்கு அவன் எழும்பினா இங்க பதினொண்டரை மணி, நான் கறிய இறக்கி வச்சிட்டு சும்மாதான் இரிப்பன், வீடியோ வேணாம், வெளிச்சம் அவன எழுப்பும், இயர்போன போட்டுட்டு மெதுவா எடு, நீ ஒண்டும் கதைக்கத் தேவல்ல, நான் கதைக்கிறன்.

அம்மா