பெர்சிவலின் அம்மா

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னாயே, பக்கத்து மேஜைக்காரர் ரொம்ப நாளாக முகம் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் ஜெர்மனியில் அதையெல்லாம் கேட்பது நாகரிகம் இல்லை என்று. சரி, அந்த ஊர் வழக்கம் உனக்குத்தான் தெரியும். எனக்கு மட்டும் உடனே பெர்சிவல் ஞாபகம் வந்துவிட்டது.

பழைய பிரிட்டன் ராஜா ஆர்தரையும் பெர்சிவல், லான்சலாட் மாதிரியான அவருடைய குதிரைவீரர்களையும் பற்றிய கதைகளை நான் வகுப்பில் நடத்திய காலத்தில் பிள்ளைகள் லான்சலாட் என்றால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். ராஜாவின் மனைவியையே காதலித்தவன் ஆயிற்றே! அவன் செய்தது தப்பு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெர்சிவல் கதைதான் குழப்பும். அவன் சொன்ன பேச்சைக் கேட்டே கெட்டுப்போனவன்.

1180களில் கிரெத்தியன் தெ த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் எழுதியது. கணவனையும் மூத்த பிள்ளைகள் இரண்டு பேரையும் இழந்த ஒரு தாய், கடைசி மகனுக்குக் குதிரைவீரர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதே தெரியாதபடி காட்டுக்குள் வளர்க்கிறாள். ஒருநாள் கவசம் மின்ன ஐந்து பேர் வருகிறார்கள். பையன் அவர்களைத் தேவதூதர்கள் என்று நினைத்துக்கொள்கிறான். அப்புறம் அவனை யார் பிடித்து வைக்க முடியும்? கிளம்புகிற அவசரத்தில் அம்மா அறிவுரைகளை அடுக்குகிறாள்: பெண்களுக்கு உதவு, ஒருத்தி விரும்பி முத்தம் தந்தால் வாங்கிக்கொள், மோதிரம் தந்தால் அதையும் வாங்கிக்கொள், அதற்கு மேல் போகாதே. வழியில் ஒரு கூடாரத்தில் தனியாக இருந்த பெண்ணைப் பிடித்து வலுக்கட்டாயமாக முத்தமிட்டு, மோதிரத்தையும் பிடுங்கிக்கொண்டு, ‘அம்மா சொன்னாள்’ என்கிறான். ‘விரும்பித் தந்தால்’ என்பது அவன் காதில் விழவே இல்லை. அந்தப் பெண்ணின் காதலன் அவளையே சந்தேகப்பட்டு, கந்தலோடும் எலும்பும் தோலுமான குதிரையோடும் அலைய விடுகிறான். பெர்சிவல் பிறகு அவனோடு சண்டையிட்டு அவளை மீட்கிறான் என்பது உண்மைதான். ஆனால் அதுவரை அவள் பட்டபாடு பட்டதுதானே?

அடுத்து கோர்னமான் என்ற பெரியவர் வாள் வித்தை கற்றுத் தருகிறார். தோற்று இரக்கம் கேட்பவனைக் கொல்லாதே, அதிகம் பேசாதே, இனிமேல் ‘அம்மா சொன்னாள்’ என்று சொல்லித் திரியாதே என்கிறார். இவன் இதையும் அப்படியே பிடித்துக்கொள்கிறான்.

ஒரு மாலை, காயம்பட்டு நடக்க முடியாத மீனவ ராஜாவின் கோட்டையில் விருந்தாளியாகத் தங்குகிறான். முனையிலிருந்து ரத்தம் சொட்டும் ஈட்டியை ஒருவன் ஏந்திப் போகிறான். பின்னால் ஒரு பெண் கிரெயில் என்ற பொன் கலத்தைக் கொண்டு போகிறாள். ஒவ்வொரு பதார்த்தம் வரும்போதும் அது அவனைக் கடந்து போகிறது. யாருக்குப் போகிறது என்று கேட்க நாக்கு துடிக்கிறது, ஆனால் அதிகம் பேசக் கூடாதே! காலையில் வேலைக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறான். காலையில் கோட்டையில் ஒரு ஆள் இல்லை. கேட்டிருந்தால் ராஜா குணமாகியிருப்பார் என்பது பிறகுதான் தெரிகிறது.

எனக்கு இதில் பிடித்தது இதுதான்: அவன் கோழை இல்லை, பொய்யன் இல்லை, அன்று இரவு எந்த விதியையும் மீறவும் இல்லை. எதிரே ஒரு மனிதன் வலியோடு சாய்ந்து கிடக்கிறான். இவனோ தன் நடத்தை சரியாக இருக்கிறதா என்பதிலேயே கண்ணாக இருக்கிறான்.

ஆனால் கவிஞர் சொல்லும் காரணம் வேறு. வீட்டைவிட்டுக் கிளம்பியபோது பெர்சிவல் திரும்பிப் பார்த்தான். பாலத்தருகே அம்மா விழுந்து கிடந்தாள். அவன் குதிரையைச் சாட்டையால் அடித்து விரட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் அந்தத் துயரத்திலேயே செத்துப்போனாள். அந்தப் பாவம்தான் உன் நாக்கைக் கட்டியது என்கிறார், பல வருஷம் கழித்து அவன் சந்திக்கும் துறவி. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். விழுந்தவளைப் பார்த்தும் போனது கல்நெஞ்சம், அது சரி. ஆனால் அப்பா யார், அண்ணன்கள் எப்படிச் செத்தார்கள் என்று எதையுமே சொல்லாமல் வளர்த்துவிட்டு, வாசலில் நின்று நாலு வரியில் உலகத்தைப் புகட்டினால் பையன் என்ன செய்வான்? அவள் பங்கை அந்தத் துறவி கணக்கில் எடுக்கவே இல்லை.

கிரெத்தியன் கதையை முடிக்கவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வோல்ஃப்ராம் ஃபொன் எஷென்பாக் அதை ஜெர்மனில் பாடி முடித்தார். நீ இருக்கும் நியூரம்பெர்க்கிலிருந்து அவருடைய ஊர் பக்கம்தான். 1917ல் அதற்கு அவர் பெயரையே சேர்த்து வோல்ஃப்ராம்ஸ் எஷென்பாக் என்று ஆக்கினார்கள், அங்கே அவருக்கு ஒரு அருங்காட்சியகமும் உண்டு. அவர் கதையில் பையனுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைக்கிறது. அழுதுகொண்டே ராஜாவிடம் கேட்கிறான்: “மாமா, உங்களுக்கு என்ன செய்கிறது?” அவ்வளவுதான், ராஜா எழுந்துவிடுகிறார்.

அந்த வோல்ஃப்ராமும் அம்மாவைக் காப்பாற்றவில்லை. மகன் கண்ணுக்கு மறைந்ததுமே சாகடித்துவிட்டார். இந்தக் கவிஞர்களுக்குப் பிள்ளையை அனுப்பிய தாயை வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது. நீ விமானம் ஏறிய அன்று நான் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். இப்போது முட்டிவலி கொஞ்சம் உண்டு, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா