காய்ச்சலோடு சிஆர்பி பார்க்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல்லையில் ஐப்பசி, கார்த்திகை காய்ச்சல் காலம். இந்த நேரத்தில் ‘முழு உடல் பரிசோதனை’ செய்துகொள்ளும் இளைஞர்கள், சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) கூடியிருப்பதைப் பார்த்து மாரடைப்பு வந்துவிடுமோ என்று மிரள்கிறார்கள். பாவம், வீணான பயம்.

இதயத்துக்காகப் பார்ப்பது சாதாரண சிஆர்பி அல்ல, அதே புரதத்தை மிக நுட்பமாக அளக்கும் ‘எச்எஸ்-சிஆர்பி’. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் காய்ச்சல், பல் சீழ், அடிபட்ட காயம் போன்ற வேறு காரணம்தான். அலகையும் கவனியுங்கள்: டெசிலிட்டருக்கு (100 மி.லி.) 0.3 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் அது லிட்டருக்கு 3.

காய்ச்சல் முழுதாக விட்டு இரண்டு, மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். இரண்டு வார இடைவெளியில் இன்னொரு முறை பார்த்துச் சராசரி எடுப்பதே சரி. அப்போதும் 3-க்கு மேல் நின்றால் அதைக் கூட்டக்கூடிய ஈறில் ரத்தக்கசிவு, பீடி சிகரெட், தொப்பை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்குவது தவறு. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு), ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றும் முக்கியம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் பரம்பரையாக வரும் கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன்-ஏ அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நெஞ்சு அழுத்தி வியர்த்தால் சிஆர்பி எதற்கும் உதவாது. உடனே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ போய் ஈசிஜியும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும்.

– வாசகர், பாளையங்கோட்டை