ஃபிளமெங்கோ கிட்டாரில் ஃபிளமெங்கோ வாசித்தது என் தவறா?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், சென்னை
பொருள்: கையால் செய்த கிட்டாருக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது

ஐயா / அம்மா,

வணக்கம். இது என் ஆறாவது கடிதம். முந்தைய ஐந்துக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது.

ஜனவரியில் 1,85,000 ரூபாய் கட்டி, ஸ்பெயினின் கிரனாடா நகரில் கையால் செய்ததாக நீங்கள் சொன்ன 'பிளாங்கா' கிட்டாரை வாங்கினேன். ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய இசைக்கென்றே செய்யும் கிட்டார் அது. சைப்ரஸ் முதுகு, அசல் ஸ்ப்ரூஸ் மரத்தில் முகப்புப் பலகை, உள்ளே முகப்பும் பக்கப் பலகையும் சேரும் இடத்தில் ஒவ்வொன்றாக ஒட்டிய பெயோனெஸ் என்ற சிறு கட்டைகள் என்று உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. மூன்றாவது வாரம் முகப்பில், முதல் கம்பிக்குக் கீழே, பாலிஷ் பெயர்ந்துவிட்டது. "வாடிக்கையாளர் நகத்தால் கீறியது, உத்தரவாதம் செல்லாது" என்று எழுதிவிட்டீர்கள்.

மோதிர விரலால் முகப்பைத் தட்டுவது ஃபிளமெங்கோ வாசிப்பில் ஒரு பாகம். அதற்காகவே கோல்பெயதோர் என்ற மெல்லிய தகட்டை அங்கே ஒட்டுவார்கள். இந்தக் கிட்டாரில் அது இல்லவே இல்லை! இதை விற்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

இதைத்தான் போனில் பொறுமையாகச் சொன்னேன். உங்கள் ஊழியர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "கிட்டாரைப் போய் யாராவது தட்டுவாங்களா? தட்டணும்னா தபேலா வாங்கியிருக்கலாமே சார்." பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அன்று ராத்திரி தூங்கவில்லை.

அதற்கு முன்னாலேயே, மார்ச்சில், நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். மதுரையிலிருந்து பாண்டியனில் கிட்டார் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். பத்து மணிக்கு வரச் சொன்ன டெக்னீஷியன் அன்று விடுப்பு. நாலு மணி வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன், ஒரு நாற்காலிகூட யாரும் தரவில்லை. அப்புறம் பெட்டியைத் திறக்காமலேயே ஒரு ரசீது கொடுத்து அனுப்பினார்கள்.

கம்பி உயரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளில் (ஃப்ரெட்) பன்னிரண்டாவதுக்கு மேலே ஆறாவது கம்பி 4.2 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிளாசிக்கல் கிட்டாருக்கு அது சரி, ஃபிளமெங்கோவுக்கு 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜ் பக்கத்தில் கம்பி முகப்பிலிருந்து 11 மில்லிமீட்டர் எழும்பி நிற்கிறது. 7, 8 இருந்தால்தான் தட்டும் விரல் முகப்பைத் தொடும்.

டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து உள்ளே பார்த்தேன். ஒரு பெயோனெஸ் கட்டைகூட இல்லை, மெஷினில் வெட்டிய ஒரே பட்டைதான் ஓடுகிறது. பக்கப் பலகையில் வெளியே தெரியும் கணு உள்ளே தெரியவில்லை. முகப்பில் உள்ள ஒலித்துளையின் ஓரத்திலும் மூன்று அடுக்கு தெரிகிறது. பிளைவுட்! முதுகு மட்டும் சைப்ரஸ் இல்லை என்றால்கூடப் பொறுத்திருப்பேன். ஸ்பெயினில் கிட்டார் செய்த அந்தோனியோ தே தோரெஸ் 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து, கிட்டாரின் குரல் முகப்பில்தான் இருக்கிறது என்று காட்டியவர். அந்த முகப்பிலேயே கை வைத்திருக்கிறீர்கள். கிரனாடாவில் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு ஏறும் கோமெரெஸ் தெருவில் கைவேலையாகக் கிட்டார் செய்து பிழைப்பவர்களின் பேரை இதில் ஒட்டி விற்க எப்படி மனசு வந்தது?

எட்டு வருஷம் சேர்த்த பணம். இந்த ஆறு மாதத்தில் என் கையே வீணாகிவிட்டது, விரல்களை ஒவ்வொன்றாக விசிறி மீட்டும் ரஸ்கேயாதோ சுத்தமாகப் போய்விட்டது. இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் கடையில் நல்லவர்களும் இருக்கிறார்கள். பில் போட்ட பெண் அன்பாகவே பேசினார். தயவுசெய்து முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். போனில் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பதினைந்து நாளில் நடக்காவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது, நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். பில், படங்கள், அந்த ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

கிட்டாரை எடுக்க ஆள் அனுப்புங்கள். நான் இனி அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை