கடலுக்கும் துருசு உண்டு

முல்லைத்தீவு,
ஐப்பசி கடைசி.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மார்கழியில் குடும்பத்தோடு வருகிறாய் என்று வாசித்ததும் மனிசி அடுப்படியில் நின்றபடியே கணக்குப் போடத் தொடங்கிவிட்டா, எத்தனை பாய், எவ்வளவு அரிசிமா என்று. காலபோக நெல் விதைப்பு முடிந்தது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஞாபகம் மங்கவில்லை. உன் பெயரைச் சொன்னதும் "முத்தையன்கட்டுக் குளத்தில் துருசுக்குக் கிட்டப் போய் அடி வாங்கினவனோ?" என்று கேட்டா. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு, அந்தத் துருசைத்தான் சொல்கிறா.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மூத்தவன் அலைச்சறுக்குப் பலகையோடு வருகிறான், முல்லைத்தீவில் இறங்கலாமா என்று எழுதியிருந்தாய். மார்கழியில் வேண்டாம் மச்சான். உங்கள் சிட்னியில் பள்ளி விடுமுறை வரும் நேரம்தான் இங்கே வாடை, அந்த வடகிழக்குக் காற்று, அடிக்கும் நேரம். கார்த்திகை தொடங்கித் தை கடைசி வரை கடல் எங்கள் பக்கம் திரும்பி நின்று சண்டை பிடிக்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதும் இந்தக் காலத்தில்தான்.

அலை இருக்கிறதுதானே, பலகைக்கு அதுதானே வேண்டும் என்று பொடியன் கேட்பான். அலைச்சறுக்குக்குப் பேர்போன கிழக்குக் கரை அறுகம்குடாவுக்கு வரும் அலை தெற்கே தூர சமுத்திரத்தில் பிறந்து, நெடும்பயணத்தில் ஒழுங்காகி, முனையைச் சுற்றி வளைந்து வருவது. எங்கள் கரை வடகிழக்கைப் பார்த்தது. இங்கே மாரியில் வருவது பக்கத்து வங்கக் கடலில் காற்றுக் கிளப்பிவிடும் அலை. போன தையில் கரையில் நின்று எண்ணிப் பார்த்தேன், ஆறேழு நொடிக்கு ஒன்று, அதுவும் ஒன்றின் தோளில் மற்றது ஏறி விழுகிறது. பலகையில் எழும்பி நிற்க எங்கே நேரம்? அறுகம்குடாவுக்கும் சித்திரை, வைகாசியிலிருந்து ஐப்பசி வரைதான் காலம். மார்கழியில் அவனுக்கு அலை வேண்டுமென்றால் மற்றப் பக்கம், தெற்கில் இருக்கும் ஹிக்கடுவைக்கோ வெலிகமவுக்கோ கூட்டிப் போ. வெலிகமவில் அடி மணல், பழகுகிறவர்களுக்கும் நல்லது.

இங்கே என்னைப் பயப்படுத்துவது அலையை விட இழுவைதான். போன தைப்பொங்கலுக்கு மறுநாள் தங்கச்சியின் மகன் வவுனியாவிலிருந்து வந்திருந்தான். குளத்தில் மீன்போல நீந்துவான். கரை முழுக்க அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாய், கொஞ்சம் கறுப்பாய்க் கிடந்தது. பத்துப் பதினைந்து மீற்றர் அகலம் இருக்கும். "மாமா, இதுதான் நல்ல இடம்" என்று இறங்கினான். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், அதுதான் வெட்கம். இரண்டு நிமிடத்தில் தலை சின்னதாகிவிட்டது.

அந்த அமைதியான துண்டுதான் கடலின் துருசு. அலைகள் கரைக்குத் தள்ளிவிடும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே. மணல் திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே கூடி ஓடும். அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை. பலமாக இழுத்தால் நொடிக்கு இரண்டு மீற்றர் கூட ஓடுமாம், ஒலிம்பிக்காரனும் எதிர்த்து நீந்த மாட்டான். ஆனால் குளத்துத் துருசு போல இது கீழே இழுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். கரையைப் பார்த்து நீந்தி நீந்திக் களைக்கிறவன்தான் மூழ்கிப் போகிறான். மல்லாந்து மிதந்தால், இல்லாவிட்டால் கரைக்குச் சமாந்தரமாக ஒரு பக்கம் நீந்தினால், இழுவை விட்டுவிடும், பிறகு உடையும் அலையோடு வரலாம்.

மருமகனுக்கு இது தெரியாது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழும்பி, "கையை விடு, மிதடா!" என்று கத்தினார். வெறும் பிளாஸ்ரிக் கானில் கயிற்றைக் கட்டி, இன்னொரு பொடியன் அதைக் கட்டிப் பிடித்தபடி அதே இழுவையில் இறங்கிப் போனான். பத்து நிமிடத்தில் இருவரும் நூறு மீற்றர் தள்ளிக் கரையேறினார்கள். அன்றிலிருந்து என் ஓட்டோவில் இருபது லீற்றர்க் கானும் கயிறும் எப்போதும் கிடக்கிறது. ஏறுகிறவர்கள் பெற்றோல் என்று நினைத்து, சிகரெட்டை அணைக்கிறார்கள். அதுவும் நல்லதுதான்.

உங்கள் ஊரில் சிவப்பும் மஞ்சளும் கொடி நட்டு, அதற்கிடையில் குளி என்று ஆள் வைத்துக் காவல் காப்பார்கள் என்று எழுதினாயே. எங்கள் கரையில் கொடியும் இல்லை, ஆளும் இல்லை. வலைகாரர்தான் காவல், அவர்களும் வாடையில் பாதி நாள் வரமாட்டார்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், கடலுக்குள் வராது. நாயாற்று முகத்துவாரம் பக்கம் எக்காலத்திலும் இறங்கவே கூடாது, மழையில் முகத்துவாரத்து மணல் வெட்டி வாய் திறந்தால் ஆறே கடலுக்குள் பாயும்.

குளிக்க ஆசையென்றால் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வா. சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரை குளம் போலக் கிடக்கும். வற்றாப்பளை அம்மனுக்கு விளக்கெரிக்கக் கடல்நீர் எடுப்பதும், ஆடி அமாவாசைக்குச் சனம் இறங்குவதும் இந்தக் காலத்தில்தான். அப்போதும் ரியூப்பில் மிதக்கவிடாதே, அதே சோளகம் பிள்ளையை மெல்ல மெல்ல வெளியே கொண்டுபோய்விடும். கரைவலைக் கயிறு கிடக்கும் இடத்தையும் விலத்து. பொடியனுக்கு அலை இராது, கோபிப்பான்.

அதனால் பலகையைத் தெற்கில் வேண்டிய மட்டும் பாவிக்கட்டும், இங்கே வரும்போது வானின் கூரையிலேயே இருக்கட்டும். மழை சரியாகப் பெய்தால் அந்த நேரம் முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாயும், அதைக் காட்டுவோம், குளக்கட்டில் நின்றபடி.

அம்மாவுக்குக் கோடாலித் தைலம் இரண்டு போத்தல் மறக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்