காத்து அடிக்காத மாசத்துக்கும் வட்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிடும் சாந்தி சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியதையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2047க்குள் ஒரு லட்சம் மெகாவாட் இலக்கு, யுரேனியம், பாதுகாப்பு, இழப்பீடு எல்லாம் இருந்தன. வட்டியைப் பற்றி ஒரே ஒரு வரி. பல்லடம், உடுமலை பக்கம் வங்கியில் கடன் பிரிவிலேயே காலத்தை ஓட்டியவன் நான். என் கண் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டது.

தொண்ணூறுகளில் காற்றாலைக்கு நிறையக் கடன் கொடுத்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை அடிக்கும். வருடத்து வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில்தான். ஒரு ஸ்பின்னிங் மில்காரர் கோபுரம் நிறுத்தி, இறக்கையும் மாட்டிவிட்டார். லைன் கனெக்‌ஷன் மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தபோது சீசன் முடிந்திருந்தது. ஐப்பசியில் ஒருநாள் கடன் கணக்குத் தாளோடு வந்து எதிரே உட்கார்ந்தார். வாங்கி வைத்த டீ ஆறி ஆடை கட்டும் வரை தாளைப் புரட்டியவர், வட்டி எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "ஏனுங்க சார், காத்து அடிக்காத மாசத்துக்கும் வட்டி மட்டும் அடிக்குமுங்களா?" என்றார்.

அடிக்கும். காற்றாலையில் போனது ஒரு சீசன். அணு உலையில் பத்து வருடம் ஒரு யூனிட்கூட விற்காமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 10 கோடி வீதம் பத்து வருடம் கடன் எடுத்து, 10 சதவீதக் கூட்டு வட்டி போட்டால், வேலை முடியும்போது கடன் 100 கோடி அல்ல, 159 கோடி. ஐந்து வருடம் தாமதமானால் 257 கோடி. அதே கடன் 5 சதவீதத்தில் கிடைத்திருந்தால், ஐந்து வருடத் தாமதத்தையும் சேர்த்தே 161 கோடிதான். உலையின் விலையை நிர்ணயிப்பதில் இன்ஜினியருக்கு எவ்வளவு பங்கோ, கடன் கொடுப்பவனுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

கூடங்குளத்துக்கு 1988ல் ஒப்பந்தம், 2002ல் கட்டுமானம், முதல் உலையின் வணிக உற்பத்தி 2014ன் கடைசி நாளில். முதலிரண்டு உலைகளுக்கு 13,171 கோடி என்று தொடங்கிய மதிப்பீடு 22,462 கோடிக்குப் போனது. அதைத் தாங்க ரஷ்ய அரசின் கடனும் நம் அரசு நிறுவனமும் இருந்தன. தனியார் கம்பெனி சந்தை வட்டிக்கு வாங்கியிருந்தால் பாதியிலேயே படுத்திருக்கும். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் அதுதான் நடந்தது. சுமார் 900 கோடி டாலரை விழுங்கிய இரண்டு உலைகளை 2017ல் அப்படியே கைவிட்டார்கள். கட்டும்போதே மின்கட்டணத்தில் அதற்கான தொகையை வசூலித்துக்கொண்டிருந்தார்கள்; கைவிட்ட பிறகும் வசூல் நிற்கவில்லை.

நம் வங்கிகள் தரட்டுமே என்பார்கள். மூன்று வருட, ஐந்து வருட டெபாசிட்டை வாங்கி வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடக் கடன் கொடுத்தால் எந்த மேனேஜருக்குத் தூக்கம் வரும்? ஜாமீன் விஷயமும் இருக்கிறது. கடன் வாராமல் போனால் தறியைச் சோமனூரில் விற்றுவிடலாம், ஒரு வாரம் ஆகாது. பாதி கட்டிய ரியாக்டரை ஜப்தி செய்து யாருக்கு ஏலம் விடுவது? உலக வங்கியே 1959ல் இத்தாலிக்குக் கொடுத்ததோடு அணுமின் பக்கம் திரும்பாமல் இருந்து, 2025 ஜூனில்தான் மனம் மாறியது.

நான் அணுமின்னுக்கு எதிரி அல்ல. இரவு ஷிஃப்ட்டுக்கு வெயில் உதவாது. தை, மாசியில் காற்றும் உதவாது. ஆனால் இங்கே மின்சாரம் வந்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்துதான் கோவையில் மில்கள் பெருகின. அதைக் கட்டியது அன்றைய சென்னை மாகாண அரசு. அதே நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டத்துக்கு, கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின் கீழ் கனடா உதவியது. பொறுமையான பணம், குறைந்த வட்டி. அணு உலைக்கும் வட்டிச் சுமையை அரசுதான் ஏற்க வேண்டும். கட்டுகிறவரையில் அரசு கடன் வாங்கி, உலை ஓடத் தொடங்கிய பிறகு தனியாருக்குப் பங்கை விற்கட்டும். வருமானம் தெரிந்த சொத்துக்கு ஓய்வூதிய நிதிகளே பணம் போடும்.

நான் பயப்படுவது வேறு வழிக்கு. பிரிட்டனில் சைஸ்வெல் சி உலைக்குக் கட்டுமானக் காலத்திலேயே மின் நுகர்வோரிடம் வசூலிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. அதனால் வட்டி குறையும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே 2022 மின்கட்டண உயர்வுக்குப் பிறகு, தறி நின்ற மாதத்துக்கும் நிலைக் கட்டணம் கட்டும் விசைத்தறிக்காரர், இன்னும் எழும்பாத உலைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டுமா? அப்படி ஒரு யோசனை இருந்தால் இப்போதே வெளிப்படையாகச் சொல்லட்டும். கட்டணம் குறித்த கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்து கோவையில் நடந்தால், அந்த மில்காரரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். அவரிடம் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், பல்லடம்.