என் தூக்கத்தை விசாரித்தவர்களுக்கு

சோமனூர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கமுங்க.

பையனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு அவனை விசாரிக்காத ஆள் இல்லை. அவன் அம்மாவையும் நாலு பேர் விசாரிப்பார்கள். அப்பன்காரன் வண்டி ஓட்டுபவன், ஃபீஸ் கட்டுபவன், அவ்வளவுதான். என்னையும் ஒரு வார்த்தை கேட்ட சிலருக்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் தறிக்குடோனில் ராத்திரி ஷிஃப்ட் ஓட்டும் அண்ணன். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நூல் மூட்டைமேல் உட்கார்ந்தே இருந்தேன். "ஏனுங்க, இந்தச் சத்தத்துல உங்களுக்கு என்னங்க நிம்மதி?" என்றார். அந்தச் சத்தத்தில் எதையும் யோசிக்க முடியாது, அதுதான் நிம்மதி. அதைப் புரிந்துகொண்டு என் மச்சான் காதில் போட்டவர் அவர்தான்.

அப்புறம், தெரபி சென்டர் வாசலில் பழக்கமான பல்லடத்துக்காரர். அவர் மகளுக்கு இருபது தாண்டிவிட்டது. "பொம்பளைங்க உள்ள பேசி அழுதுக்கிறாங்க, நாம வண்டிமேல உக்காந்து போனை நோண்டறோம்" என்பார். கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு என்னைக் கூட்டிப் போனதும் அவர்தான். டாக்டர் தூக்கத்தைக் கேட்டார், பசியைக் கேட்டார், எதற்கெடுத்தாலும் சுள்ளென்று கோபம் வருகிறதா என்று கேட்டார். ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் கோபமாகத்தான் வெளியே தெரியுமாம். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

சரி, ஆனால் நமக்கப்புறம் இவன் யார் கையில் என்ற கேள்விக்கு மாத்திரை கிடையாதே. அதற்கும் பல்லடத்துக்காரர் வழி சொன்னார். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்காக வந்த 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு 18 வயதான பிறகு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். இதை மச்சானிடம் சொன்னேன். "எம் பேர எழுதிக்குங்க மாப்ள" என்றார், யோசிக்கவே இல்லை. பையனுக்கு அந்த வயசு வர இன்னும் காலம் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைத் தோப்புக்குக் கூட்டிப் போய்த் தண்ணித் தொட்டியில் விளையாட விடுவதும் மச்சான்தான்.

முடி வெட்டும் தம்பியை விட முடியுமா? கடை லீவான செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வருவார். மெஷின் சத்தம் பையனுக்கு ஆகாது, அதனால் கத்தரி மட்டும்தான். பாதியில் எழுந்து ஓடிவிட்டால் மீதி அடுத்த செவ்வாய். அதுவரை அரைத்தலையோடு திரிவான், தெருவுக்கே அது பழகிவிட்டது.

'அப்பன் ஜாதகத்துல தோஷம்' என்றவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை. என் வீட்டுக்காரம்மாவுக்கு நான் வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

இதே நிலையில் இருக்கும் அப்பாக்களுக்கு ஒன்று. நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். கூச்சம் இல்லையென்றால், சனிக்கிழமை தெரபி நேரத்தில் நானும் பல்லடத்துக்காரரும் சென்டருக்கு எதிர் டீக்கடையில்தான் இருப்போம், வாங்க.